பட்டியில் கலந்த மண்

சனிக்கிழமை காலையில் காப்பிகூட வைக்காமல் பெர்சபே கொல்லைக் கொட்டகைக்குப் போனாள். காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து, வலது பக்கத்துப் பின் மட்கார்டைத் தடவிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை ஒன்றாக இருந்த கொப்புளம் இப்போது அம்மை போட்ட மாதிரிப் பரவியிருந்தது. விரலுக்கு நன்றாகவே தட்டுப்பட்டது.

அந்தக் கொப்புளம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். போன தவக்காலத்திலிருந்து இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிற நமக்கும் தெரியும். வீட்டுக்காரர் எலோய்க்கு மட்டும் தெரியாது.

பெரிய வெள்ளிக்கிழமை சிமாயோ கோயிலுக்கு நடந்து போய், கோயிலுக்குள் இருக்கிற குழியிலிருந்து, நோய் தீர்க்கும் என்று நம்புகிற மண்ணில் ஒரு கைப்பிடி அள்ளி வந்தாள் அல்லவா? நோகிற இடத்தில் பூசு என்பார்கள். மகன் நிக்கனோருக்கு நோகிற இடம் எது என்று யார் சொல்வது? போதைக்கு விழுங்குகிற அந்த நீல மாத்திரை அவன் உடம்பில் எந்த மூலையில் குடியிருக்கிறது என்று எந்தத் தாய்க்குத் தெரியும்? அவனும் எலோயும் சேர்ந்து அந்தப் பழைய பியூக் காரைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்பனும் மகனும் சாப்பிட உள்ளே போன நேரமாகப் பார்த்து, தகரத்தின் பள்ளங்களை நிரப்ப வைத்திருந்த பட்டி டப்பாவில் அந்த மண்ணைப் போட்டுக் கிளறிவிட்டாள். அவன் நாளெல்லாம் கை வைத்துத் தேய்க்கிற இடத்தில் அது இருக்கட்டும், பீடை இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் செய்தாள். புண்ணியம் என்று நினைத்துச் செய்தது இப்போது பெயின்ட்டுக்கு அடியிலிருந்து முட்டிக்கொண்டு வருகிறது.

வேறு நாளாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இன்றைக்குப் பார்த்து காரை வாங்க ஆள் வருகிறது.

போன வாரம் நிக்கனோர் சமையலறை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "என்னை எங்கேயாவது கொண்டுபோய் விடும்மா, என்னால முடியல" என்று கேட்டான். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவனாகக் கேட்டான். கொலராடோவில் போதையிலிருந்து மீட்கிற ஒரு மருத்துவமனையில் ஒரே ஒரு படுக்கை காலியாக இருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் முன்பணம் கட்டினால் அவனுக்கு, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. அரசாங்க இடத்தில் சும்மா சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை இவன் இருப்பானா என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எலோய்தான் எழுந்து போய், காரை விற்கிறேன் என்று விளம்பரம் போட்டுவிட்டு வந்து படுத்தார்.

எலோய் ஏன் கொப்புளத்தைப் பார்க்கவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். மனுஷனுக்கு இடது கண்ணில் புரை. கொட்டகையில் எரிவது ஒற்றை பல்பு. போதாததற்கு, காரைச் சுவரோரமாக ஒட்டி நிறுத்தச் சொன்னவள் பெர்சபே. சோளம் காயப்போட இடம் வேண்டும் என்று சாக்குச் சொன்னாள்.

அவளுக்கு இன்றைக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது, மேகம். ஆகஸ்ட் மாதத்தில் மத்தியானமானால் ஹேமெஸ் மலைப் பக்கத்திலிருந்து மேகம் ஏறி வந்து ஊரையே மூடிவிடும். வெயில் படாவிட்டால் அந்தச் சிவப்புப் பெயின்ட்டில் கொப்புளம் தெரியாது. வருகிறவனை அதுவரைக்கும் அடுப்படியில் உட்கார வைத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டாள். முந்தின ராத்திரியே சோளத்தை ஊற வைத்து, விடியும்போதே பன்றிக்கறியோடு சேர்த்துப் பொசோலே கொதிக்க விட்டிருந்தாள்.

வந்தவர் பெயர் விட்டேக்கர். ஃபீனிக்ஸ்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பின்னால் வண்டி ஏற்றுகிற டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார். பெர்சபே அவரைக் கொட்டகைப் பக்கம் திரும்பவே விடவில்லை. நேரே உள்ளே கூட்டிப்போய், சிவப்பு மிளகாய்க் குழம்பு ஊற்றிய பொசோலேயைக் கிண்ணம் நிறைய வைத்தாள். அவர் மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டே இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டார். அப்புறம் சுடச்சுட ரொட்டியும் தேனும் வந்தது. அதற்கப்புறம் சோம்பு பிஸ்கட்டும் காப்பியும்.

எலோய் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கார் பாக்க வந்தவரா, கல்யாணத்துக்கு வந்தவரா? இன்னும் என்னதான் போடப்போறே?"

"வெறும் வயித்தோட பேரம் பேசினா படியாது, எலோய். சும்மா இரு" என்றாள். ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். மேகம் மலை உச்சியில் ஒரு துண்டுத் துணியளவு நின்றுகொண்டிருந்தது. என்றைக்கும் வருவது இன்றைக்குப் பார்த்து அசையவில்லை.

கடைசியில் விட்டேக்கரே எழுந்துவிட்டார். கொட்டகையில் நுழைந்து அந்த மாதுளை நிறத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். எலோய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. லாஸ் ஆலமோஸில் முப்பது வருஷம் வேலி கட்டி ஓய்வு பெற்ற மனுஷன், ஆயுளில் இவ்வளவு பேசி பெர்சபே கேட்டதில்லை. வெளியே எல்லாம் அறுபத்து மூன்றாம் வருஷத்துப் பியூக், ஒரு கோடு மாறவில்லை. உள்ளே புது என்ஜின், புது கியர், நாலு சக்கரத்துக்கும் புது பிரேக், ஏசி. பின்னால் வருவதைக் காட்டுகிற கேமராகூட நம்பர் பிளேட்டுக்குள் ஒளிந்திருந்தது. ஒரு சுவிட்சைத் தட்டினால் பின்பக்கம் தரை தொடக் குனியும், இன்னொன்றைத் தட்டினால் மூக்கைத் தூக்கும். விட்டேக்கர் சிறு பிள்ளை மாதிரி அதை மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தார்.

நிக்கனோர் மூலையில் சுவரில் சாய்ந்து நின்றான். வியர்த்திருந்தான், கை லேசாக நடுங்கியது. வந்தவருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று பழந்துணி ஒன்றைக் கையில் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தான்.

சொன்ன விலைக்கே சரி என்று விட்டேக்கர் கையை நீட்டினார். எலோய் பிடித்துக் குலுக்கினார். பெர்சபேக்கு உயிர் வந்தது. சாயங்காலம் பணம் கட்டிவிடலாம், நாளைக் காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிடலாம் என்று மனசுக்குள் அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

"வெளியில கொஞ்சம் நிறுத்துங்க. வீட்டம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பிடறேன்" என்றார் விட்டேக்கர்.

எலோய் மகனிடம் சாவியை வீசினார். நிக்கனோர் சாவியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான். அம்மாவைப் பார்த்தான். அப்புறம் ஏறி உட்கார்ந்து, காரைப் பின்னுக்கு எடுத்து முற்றத்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினான். உச்சி வெயில் கண்ணைக் கூசுகிற மாதிரி அதன் மேல் விழுந்தது.

விட்டேக்கர் முன்னால் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று படம் எடுத்துக்கொண்டே சுற்றி வந்தார். வலப்பக்கம் வந்ததும் போனைக் கீழே இறக்கினார். குனிந்து பார்த்தார். மட்கார்டிலும் கதவின் கீழ்ப்பாகத்திலும், எங்கெங்கே பட்டி போட்டிருந்ததோ அங்கெல்லாம், பெயின்ட் குமிழ் குமிழாகக் கிளம்பி நின்றது. ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது பட்டென்று உடைந்தது.

எலோய் அருகில் போய், நல்ல கண்ணைக் கிட்ட வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

விட்டேக்கர் நல்ல மனுஷன்தான், குரலை உயர்த்தவில்லை. இது அடியிலிருந்து வருகிறது, மேலே பூசி மூட முடியாது, உடம்பு முழுக்கச் சுரண்டியாக வேண்டும், அந்தத் தலைவலி தனக்கு வேண்டாம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, என்ஜினையும் கியரையும் சக்கரங்களையும் மட்டும் கொடுப்பதானால் இன்றைக்கே முன்பணம் தருவதாகவும், நாளைக்கு ஆள் அனுப்பிக் கழற்றிக்கொள்வதாகவும் சொன்னார். கூடு உங்களிடமே இருக்கட்டும் என்றார்.

"தொடை ஒரு கிலோ, ஈரல் அரைக் கிலோன்னு வெட்டித் தர இது ஆட்டுக்கடை இல்ல" என்றார் எலோய். "நீங்க போகலாம்."

படுக்கைக்கு அந்தப் பணமே போதுமாயிருக்கும். பெர்சபேக்கு அது உடனே உறைத்தது. எலோய்க்கும் உறைத்திருக்கும், ஆனால் அந்த நேரத்தில் அவர் காதில் எதுவும் ஏறாது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாதா என்ன. விட்டேக்கர் சாயங்காலம் வரை ஊரில் மோட்டலில் இருப்பதாகச் சொல்லி, பெயர் அச்சடித்த அட்டை ஒன்றை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனார்.

டிரெய்லரின் சத்தம் அடங்கியதும் எலோய் மகன் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பட்டியை யாரு வாங்கிட்டு வந்தது?"

"நான்தாம்பா."

"நல்ல கம்பெனி டப்பா வாங்கச் சொல்லித்தானே பணம் குடுத்தேன்?"

"அதுதாம்பா வாங்கினேன்."

"அதுன்னா இப்படிக் கொப்புளிக்குமா? மட்டமானதை வாங்கிட்டு மீதிக் காசுக்கு மாத்திரை வாங்கி முழுங்கிட்டே. சொல்லு. என் டிரில் மெஷினை வித்தே. உங்கம்மா மோதிரத்தை வித்தே. இது ஒண்ணுல கை வைக்க மாட்டேன்னு நம்பினேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

பெர்சபே கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தாள். அந்த மண்ணைக் குற்றம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அதைக் குற்றம் சொன்னால் மகனுக்காகப் பிடித்துக்கொண்டிருந்த கடைசிப் பிடியும் கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தாள். பாவி, பயந்துகொண்டு நின்றதுதான் மிச்சம்.

நிக்கனோர் அவளைப் பார்த்தான். அப்புறம் அப்பாவைப் பார்த்தான்.

"ஆமாப்பா" என்றான். "மட்டமானதைத்தான் வாங்கினேன்."

சொல்லிவிட்டு வாய்க்கால் பக்கம் நடந்தான்.

அவள் பின்னாலேயே ஓடினாள். வாய்க்கால் கரையில், தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏண்டா அப்படிச் சொன்னே? நீ செய்யலடா. அது நான்…"

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"பட்டியைத் தேய்க்கும்போதே தெரியும். உப்புத்தாள் வச்சா நரநரன்னுச்சு. தொட்டுப் பார்த்தேன். பன்றிக்கொழுப்பு டப்பாவுக்குப் பின்னாடி நீ ஒளிச்சு வச்சிருந்தியே, அந்த மண்ணு."

பெர்சபே அவன் பக்கம் திரும்பினாள். "அப்பவே அப்பாகிட்ட சொல்லியிருந்தா சுரண்டிட்டு வேற பூசியிருப்பாரே. ஏண்டா சொல்லல?"

அவன் காலால் தண்ணீரைக் கலக்கினான். சொல்ல வெட்கப்பட்டான்.

"ஒருவேளை அது எனக்குக் கேக்குமோன்னு நினைச்சேம்மா."

அவள் அழுதாள். அழுகையை அடக்கவும் முயலவில்லை. அவனுக்கும் நம்பிக்கை இருந்திருக்கிறது, அதுவும் அவள் வைத்த அதே இடத்தில். முகத்தை ஏப்ரன் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வா, ரெண்டு பேருமாகப் போய் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்மா. அப்பாவுக்கு என்னை நம்பாம இருந்து பழகிப்போச்சு. உன்னையும் நம்பாம போயிட்டார்னா இந்த வீட்டுல அவருக்குப் பேச ஆளே கிடையாது."

அவள் கேட்கவில்லை. விடுவிடுவென்று முற்றத்துக்கு நடந்தாள்.

எலோய் காருக்குத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். நடந்து போனது, மண் அள்ளியது, டப்பாவில் கலந்தது, செவ்வாய்க்கிழமையே கொப்புளத்தைப் பார்த்தும் வாய் மூடி இருந்தது. அவர் தார்ப்பாயின் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டார். முடிச்சுப் போட்டு முடித்ததும் நிமிர்ந்தார்.

"டிரில் மெஷினை உன் தங்கச்சி புருஷனுக்கு இரவல் குடுத்தேன்னு சொன்னே. மோதிரம் சாக்கடையில விழுந்துடுச்சுன்னே. பையன் வேலைக்குப் போறான்னு ஒரு மாசம் சோறு கட்டிக் குடுத்தே, அவன் எங்கே போனான்னு உனக்கும் தெரியும். இப்ப கோயிலையும் இழுத்துட்டு வந்துட்டியா?"

"இது சத்தியம், எலோய்."

"அதுவும் சத்தியம்னுதானே சொன்னே?"

சொன்னாள்தான், அத்தனைக்கும் சத்தியம் பண்ணித்தான் சொன்னாள். வாய்க்கால் பக்கமிருந்து நிக்கனோர் வருவதைப் பார்த்துவிட்டு, அவனையே கேளு என்றாள். அவன் நிற்காமலே, "அம்மா பொய் சொல்றாப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனான்.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் எலோய். ஆனாலும் அவளுடைய முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கி, உப்புத்தாளை எடுத்தார். "மட்டமான பட்டி எப்படி இருக்கும்னு இப்பவே காட்டறேன், வா. உன் வாயை அடைக்கறேன்."

தேய்க்க ஆரம்பித்தார். வீட்டுக்குள் போன் மணி அடித்தது. பெர்சபே போக நினைத்தாள், போகவில்லை. எலோய் கண்ணால் பார்க்கட்டும் என்று அங்கேயே நின்றாள். மணி இரண்டு மூன்று தடவை அடித்த பிறகு நிக்கனோர் எடுத்திருப்பான் போலிருக்கிறது, அவன் குரல் அடங்கி, மரியாதையாக, ஒரு சில வார்த்தை கேட்டது. இங்கே சிவப்பு போனது, அடியிலிருந்த வெள்ளை போனது, பட்டியின் சாம்பல் நிறம் வந்தது. அப்புறம் உப்புத்தாள் நரநரத்தது.

எலோய் கையை நிறுத்தினார். அந்தப் பொடியை உள்ளங்கையில் தட்டி, எச்சிலைத் தொட்டுக் குழைத்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். மண் மணத்தது. தவக்காலத்தில் நோன்பிருந்து, வருஷா வருஷம் அந்தக் குழிக்கு முன்னால் மண்டியிட்டவர் அவர். அந்த நிறம் அவருக்குத் தெரியாமல் போகுமா?

"எவ்வளவு போட்டே?"

"ஒரு கைப்பிடி."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவரோ காரின் பக்கவாட்டைக் கையால் ஒரு தடவை தடவினார், பிறகு எழுந்து ஜன்னல் கட்டையிலிருந்த அட்டையை எடுத்து, சட்டைப்பையிலிருந்த போனில் நம்பரைத் தட்டினார். என்ஜின், கியர், சக்கரம், எது வேண்டுமோ எல்லாவற்றையும் கழற்றிக்கொள்ளலாம், ஆனால் முன்பணம் இந்த நிமிஷமே வேண்டும் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து சரி என்றதும், தெரியாத மனுஷனுக்கு மூன்று தடவை நன்றி சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு" என்றார் பெர்சபேயிடம். "பணம் வந்துட்டிருக்குன்னு சொல்லு. அவன்கிட்ட நான் அப்புறமா பேசறேன். எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

அவள் உள்ளே ஓடினாள். நிக்கனோர் அடுப்படியில் இல்லை. அவனுடைய அறையிலும் இல்லை. தேடிக்கொண்டே போனை எடுத்துக் கொலராடோவுக்கு அடித்தாள். பேசியவள் சின்னப் பெண், தன்மையாகத்தான் பேசினாள். நாங்களே இப்போதுதான் கூப்பிட்டோமே, உங்கள் மகன்தான் எடுத்தார் என்றாள். வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். படுக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாராம். வரிசையில் ஒரு பெண் காத்திருந்தாளாம், அவளுடைய அம்மாவிடம் சொன்னபோது அந்த அம்மா போனிலேயே அழுதுவிட்டாளாம்.

"திருப்பி வாங்க முடியாதுங்களா?" என்று பெர்சபே கேட்டாள். கேட்கும்போதே அந்த இன்னொரு தாயின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவளைச் சபிக்கக்கூட முடியவில்லை.

முற்றத்தில் எலோய் தார்ப்பாயை முழுக்க உருவிப் போட்டுவிட்டுப் பானெட்டைத் திறந்திருந்தார். நாளைக்கு வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று இப்போதே போல்ட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார். என்ஜினுக்குள் தலையை விட்டபடியே வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நிக்கனோர், அந்தப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துட்டு வா."

கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் தணிந்து, வசந்த காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தபோது கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"டேய் கண்ணு, பன்னிரண்டு வேணாம். பதினாலு கொண்டா."

பெர்சபே போனைக் காதிலிருந்து எடுக்காமல் வாசற்படியில் நின்றாள். தெருப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. எலோய் தலையை நிமிர்த்தாமல், ஸ்பேனருக்காகக் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தார்.